பெயரின் மேல் ஒரு கோடு

ஒக்லாந்து நகரின் கிளென் ஈடனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஆனந்தவல்லி ஐந்து வருடமாக உருளைக்கிழங்கு உரித்தாள். அந்த ஐந்து வருடத்தில் அங்கே அவளுக்கு யாரும் எதையும் கொடுத்ததில்லை. 1993 செப்டெம்பரில், நியூசிலாந்துப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து நூறு வருடம் நிறைந்தபோது, உள்ளூர்ப் பெண்கள் குழு ஒன்று நினைவு நாணயம் அடித்து, இல்லத்தில் வேலை செய்த பெண்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தது. கடையில் செல்லாத நாணயம். ஒரு பக்கம் கேட் ஷெப்பர்டின் முகம், மறுபக்கம் ஒரு பூ.

ஆனந்தவல்லி வீட்டுக்கு வந்து, பஸ்ஸில் மிஞ்சிய சில்லறையைப் போல அதை மேசையில் வைத்தாள்.

"இந்தா பிள்ளை. உனக்குத்தான் இது விளங்கும். இவ ஆர்?"

நிருஜா அவளுடைய ஒரே மகள். அந்தக் குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தின் படி மிதித்தவள். கடைசி வருடம். அப்பா ஒக்லாந்துக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாதம் நிருஜா எழுதிக்கொண்டிருந்த கட்டுரையும் இதே ஷெப்பர்ட் அம்மையாரைப் பற்றியதுதான்.

"பொம்பிளையளுக்கு வோட்டு வாங்கிக் குடுத்தவ அம்மா. ஊர் ஊராப் பேர் சேர்க்கப் பண்ணினவ. முப்பதாயிரத்துக்கு மேல கையெழுத்து. தாளையெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டி, கூட்டுற தும்புத்தடியில சுத்தி, பாராளுமன்றத்தில உருட்டி விட்டவை."

"தும்புத்தடியிலயோ?" ஆனந்தவல்லி சிரித்தாள். "அந்தத் தடியாலயே நாலு போட்டிருந்தா இன்னும் கெதியாக் குடுத்திருப்பாங்கள்."

நிருஜாவும் சிரித்தாள்.

"அந்தப் பேருகள் இப்ப எங்க கிடக்கு?"

"வெலிங்டனில பத்திரமா வைச்சிருக்கினம். ஆர் ஆர், எந்த ஊர் எண்டு இப்பவும் பாக்கலாம்."

சிரிப்பு நின்றது. "பாவங்கள்," என்றாள் ஆனந்தவல்லி.

நிருஜா அந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை. மூன்று மாதமாக மனதில் வைத்திருந்த இனிப்பான செய்தியைச் சொல்ல அதுவே நல்ல தருணம் என்று நினைத்தாள்.

"இப்ப உங்கட பேரும் ஒரு லிஸ்டில இருக்கு அம்மா. வாக்காளர் லிஸ்டில."

வாக்காளர் பதிவுப் படிவம் மூன்று தடவை வீட்டுக்கு வந்தது. மூன்று தடவையும் அம்மா அதைப் பழைய பேப்பர்களுக்கு அடியில் செருகிவிட்டாள். சோம்பல் என்றுதான் நிருஜா நினைத்தாள். பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். ஆகவே ஜூனில் தானே அதை நிரப்பி, அம்மாவின் சுழித்த கையெழுத்தைப் பார்த்துப் பழகி, தானே வைத்து அனுப்பினாள். அது ஒரு பரிசு என்றே அவளுக்குத் தோன்றியிருந்தது.

"விலாசம் போட்டிருக்கோ?"

"ஓம்."

"தொழில்?"

"அதுவும். கிச்சன் ஹான்ட் எண்டு."

"ஆரும் பாக்கலாமோ?"

"லைப்ரரியில கிடக்கும், போஸ்ட் ஒஃபீசில கிடக்கும். ஏன் அம்மா?"

ஆனந்தவல்லி நாணயத்தைத் திரும்ப எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, முன்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

ஒக்டோபர் நடுவில் நூலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. நிருஜா ஓடிப் போனபோது, அம்மா சிறுவர் பகுதியில் ஒரு குட்டிக் கதிரையில் கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நூலகப் பெண் வாக்காளர் பட்டியலைத் திறந்து காட்டினாள். 'இராசரத்தினம், ஆனந்தவல்லி' இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியே அடுத்த பக்கத்தில் யாரோ ஒருவருடைய பாதிப் பெயர் தெரிந்தது. அம்மாவின் விரல்களுக்குள் அந்த நாணயம். அதன் விளிம்பில் கடதாசித் துகள்.

பொலிசுக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை, அடுத்த கிழமை புதுப் பிரதி ஒன்று வந்துவிடும் என்று நூலகப் பெண் ஆறுதலாகச் சொன்னாள். நிருஜா அதைத் தமிழில் சொன்னாள்.

"இன்னொண்டு வருமோ?" என்று கேட்டாள் ஆனந்தவல்லி.

வீட்டுக்கு வந்து, மேற்சட்டையைக் கழற்றாமலே, அவள் சொல்லத் தொடங்கினாள். எண்பத்துமூன்று கலவரத்தில் மாமா இறந்துபோனார் என்பது மட்டும்தான் நிருஜாவுக்குத் தெரியும். அப்போது அவள் பத்து வயதில் யாழ்ப்பாணத்தில் அப்பாவோடு இருந்தாள். அம்மா கொழும்பில் வெள்ளவத்தையில் தம்பி நவரத்தினத்தோடு தங்கி ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்தாள். ஜூலையில் வந்தவர்களின் கையில் தடியும் பெற்றோல் கானும் இருந்தன. வாக்காளர் பட்டியலும் இருந்தது.

"நான் பக்கத்து வீட்டு மதிலுக்குப் பின்னால. முதல் தம்பியின்ர பேரை வாசிச்சாங்கள். பிறகு என்ர பேர். பள்ளிக்கூடத்தில இடாப்புக் கூப்பிடுற மாதிரி. தம்பி வெளியில வந்து, நான் மட்டும்தான் இஞ்ச எண்டு சொன்னவன். திருப்பியும் என்ர பேரைக் கூப்பிட்டாங்கள். நான் போகேல்ல."

நிருஜா கேட்டாள்: "அதில உங்கட பேரை ஆர் குடுத்தது?"

"அவன்தான். என்னைக் கேக்காமல். அவனுக்கு உன்னை மாதிரி வடிவான கையெழுத்து."

அடுத்த நாள் நிருஜா பதிவு அலுவலகத்துக்குப் போன் பண்ணினாள். பெயரை எடுக்க முடியாது. ஆபத்தில் இருப்பவர்களுக்கென்று வெளியில் காட்டாத பட்டியல் ஒன்று உண்டு, அதற்குப் பொலிசோ வக்கீலோ கடிதம் தர வேண்டும். "உங்கள் அம்மாவுக்கு இங்கே யாரால் ஆபத்து?" என்று அந்தக் குரல் மரியாதையாகத்தான் கேட்டது. நிருஜா போனை வைத்துவிட்டாள். அந்தக் கிழமையே கட்டுரை திரும்பி வந்தது. கடைசிப் பந்தியில் அவள் தன் தாயை உதாரணம் காட்டியிருந்தாள்: நூறு வருடத்துக்குப் பிறகு, பட்டியலில் ஒரு புதுப் பெயர். அந்தப் பந்தியின் ஓரத்தில் விரிவுரையாளர் 'மனதைத் தொட்டது' என்று எழுதியிருந்தார். மாமாவும் இப்படித்தான் சந்தோசமாக அந்தப் படிவத்தை நிரப்பியிருப்பாரா? இதை யாரிடம் கேட்பது?

தேர்தலுக்கு முந்திய கிழமை, நடக்க முடியாத முதியவர்களிடம் வாக்கு வாங்க அதிகாரிகள் இல்லத்துக்கே வந்தார்கள். சமையலறை வாசலில் நின்று ஆனந்தவல்லி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்த அவளுடைய முகம் வேறாக இருந்தது.

"பிள்ளை, வோட்டுப் போட்டால் பேரை வெட்டுகினம். அடிமட்டம் வைச்சுக் கீறுகினம். நான் கண்ணால பாத்தனான். என்னைக் கூட்டிக்கொண்டு போ."

அந்தக் கோடு எதற்கு என்று நிருஜாவுக்குத் தெரியும். ஒருவர் இரண்டு தரம் வாக்களிக்காமல் இருக்க. சொல்ல வாயெடுத்தாள். பத்து வருடத்தில் அம்மா ஒரு இடத்துக்குப் போக ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டாள்.

நவம்பர் ஆறாம் திகதி, சனிக்கிழமை. பாடசாலை மண்டபத்தில் வரிசை. ஆனந்தவல்லி வேலைக்குப் போடாத நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பட்டியலைப் புரட்டி, பெயரைக் கண்டுபிடித்து, அடிமட்டத்தை வைத்து ஒரு மெல்லிய கோடு கீறினாள்.

ஆனந்தவல்லி குனிந்து பார்த்தாள். "இன்னும் தடிப்பாக் கீறச் சொல்லு."

"அம்மா..."

"எழுத்து இன்னும் தெரியுது பிள்ளை. சொல்லு."

மேசைப் பெண் புன்னகையோடு நிருஜாவைப் பார்த்தாள். "முதல் தடவை வாக்களிக்கிறா," என்று நிருஜா ஆங்கிலத்தில் சொன்னாள். "ஓ, எவ்வளவு சந்தோசம்!" என்று அந்தப் பெண் தேர்தலுக்கு ஒன்றும் அதோடு நடந்த பொதுசன வாக்கெடுப்புக்கு ஒன்றுமாக இரண்டு தாள்களை நீட்டினாள்.

ஆனந்தவல்லி இரண்டிலும் எதுவும் குறிக்கவில்லை. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்து, பெரிதாக மூச்சு விட்டாள்.

"இனி அங்க என்ர பேர் இல்லைத்தானே?"

"ஓம் அம்மா. இல்லை."

அதன் பிறகு மூன்று வருடம் ஆனந்தவல்லி ஓரளவு நித்திரை கொண்டாள். நிருஜா பட்டம் வாங்கினாள், வேலைக்குப் போனாள், ஆனால் தனியாக வீடு பார்த்துப் போகவில்லை. தபால் பெட்டியை அம்மாவுக்கு முன்னால் அவளே திறக்க வேண்டியிருந்தது. அரசாங்க முத்திரை போட்ட உறையென்றால் மேற்சட்டைக்குள் போய்விடும்.

1996இல் தேர்தல் நெருங்கியபோது ஒரு நாள் நிருஜாவுக்குக் காய்ச்சல். மத்தியானம் எழுந்து வந்தபோது, மேசையில் பிரித்த உறையும் கடிதமும் கிடந்தன. இராசரத்தினம், ஆனந்தவல்லி. விலாசம். தொழில். எல்லாம் சரியா என்று பார்த்து உறுதிப்படுத்தும்படி கேட்டிருந்தார்கள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினாள்.

"அண்டைக்குக் கீறினதைக் காணேல்ல," என்றாள்.

பிறகு கண்ணாடியைக் கழற்றி மகளைப் பார்த்தாள்.

"உனக்கு அப்பவே தெரியுமோ?"

"தெரியும் அம்மா."

ஆனந்தவல்லி தலையாட்டினாள். திட்டவில்லை. கடிதத்தைத் திரும்ப மடித்து உறையில் போட்டு, மகளின் பக்கம் தள்ளினாள். பிறகு கைப்பையைத் திறந்து, ஒரு பக்கம் விளிம்பு தேய்ந்த அந்த நாணயத்தை எடுத்து உறையின் மேல் வைத்தாள்.

"இரண்டையும் நீயே வைச்சிரு," என்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. வெளியே போய்க் கதவைப் பூட்டினாள். படியில் இறங்கியவள், திரும்பி வந்து, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். உள்ளே நின்ற நிருஜாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது.