'நான் கீது' என்று பாடச் சொன்னார்கள்

தமிழில் உண்மையான ராப் செத்துக்கொண்டிருக்கிறதா என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் காரில் ஏசி போட்டுக்கொண்டு கேட்கிற ஆட்கள். முன்ன மாதிரி இல்லைங்க, எல்லாத்தையும் சினிமா எடுத்துக்கிச்சு என்று உச்சுக் கொட்டுவார்கள். முன்ன என்றால் எப்போது ஐயா? சேலையூர் ஏரிக்கரை நடைபாதையில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை நடுவில் வைத்து நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோமே, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அதே பாதையில் வாக்கிங் போய்க்கொண்டிருந்தீர்கள். வால்யூமைக் குறைக்கச் சொன்னீர்கள்.

நான் கிழக்குத் தாம்பரத்தில் கணக்கு டீச்சர். அப்பாவும் டீச்சர், அம்மா ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர், சித்திகள் டீச்சர். எங்கள் வீட்டில் ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் திருத்தத் தயாராக இருப்பார்கள். எனக்கு ராப் வந்தது சர்ச்சிலிருந்து என்றால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் நிஜம். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டி நடக்கும். நீளமான சங்கீதம் ஒன்றை மூச்சு வாங்காமல், ஒரு சொல் விடாமல், யார் வேகமாகச் சொல்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. எங்கே மூச்சை ஒளித்து வைப்பது, எந்தச் சொல்லில் அடி விழ வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அங்கேயே படிந்துவிட்டது. பின்னால் அதே வேகத்தில் ஸ்டாஃப் ரூமைப் பற்றியும், பேரன்ட்ஸ் மீட்டிங்கைப் பற்றியும், சிரித்துக்கொண்டே அவமானப்படுத்தும் பெரிய மனிதர்களைப் பற்றியும் எழுத ஆரம்பித்தேன். நான் பேசுகிற தமிழில்தான், பாதி இங்கிலீஷ் கலந்து.

ஏரிக்கரையில் கூடும் கூட்டத்தில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி பள்ளிக்கரணைக்காரி, என்னைவிடச் சின்னவள், மேடவாக்கத்தில் ஒரு பெரிய மளிகைக் கடையில் பில்லிங் கவுன்ட்டரில் வேலை. அவள் வீடு சதுப்பு நிலத்தின் ஓரத்தில், மழை பெய்தால் முதலில் முங்குகிற தெருவில் இருக்கிறது. முதல் நாள் அவள் பாடியதை நான் இன்னும் மறக்கவில்லை.

'ஏரி இருந்த எடத்துல எங்க வூடு கீது
வருஷா வருஷம் அந்த ஏரி வூட்டுக்குள்ள வருது
கதவத் தட்டாம வரும், கட்டில் மேல குந்தும்
இன்னான்னு கேக்குறது, அதோட எடம்தான இது'

எனக்குப் புல்லரித்துப் போனது. பொறாமையும் வந்தது, மறைப்பானேன். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே பாடினோம். அவள் அவள் வீட்டுப் பேச்சில் கேள்வி கேட்பாள், நான் என் வீட்டுப் பேச்சில் பதில் சொல்வேன், சில சமயம் வாயாடிக்கொள்வோம். என் அறையில் பீரோவைத் திறந்து வைத்து, புடவைகளுக்குள் மைக்கைச் செருகி, மேலே விமானம் போகாத நேரமாகப் பார்த்துப் பதிவு செய்வோம்.

அவளுக்குப் பேரும் புகழும் பெரிய ஆசையில்லை. ஆசை வேறொன்று. கடையில் சேர்ந்த அன்றே மேனேஜர் அவளிடம் கவுன்ட்டரில் 'டீசன்ட்டா' பேசச் சொல்லிவிட்டார். இன்னா, கீது, வூடு எதுவும் கூடாது. பகல் முழுக்க 'வணக்கம் மேடம், பை வேணுமா மேடம்' என்று வேறு யாரோ ஒருத்தியாக நின்றுவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறியதும்தான் அவளுக்கு அவள் நாக்கு திரும்பக் கிடைக்கும். கடையில் நாள் முழுக்கப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்குமாம். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "நான் வூட்ல பேசுறத அந்தக் கடை ஸ்பீக்கர்ல ஒரே ஒரு வாட்டி கேக்கணும்க்கா. அப்பால யார் இன்னா சொன்னாலும் கவல இல்ல."

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சினிமாப் பாட்டுக்கு எட்டு வரி பெண் குரலில் ராப் வேண்டும் என்று போன் வந்தது. எங்கள் வீடியோ ஒன்றை யாரோ பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள். மின்சார ரயிலில் கோடம்பாக்கம் போகும் வரை அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே வந்தாள்.

ஸ்டுடியோவில் எங்களைப் பாடச் சொல்லிக் கேட்டவர் இசையமைப்பாளரின் உதவியாளர். மரியாதையான மனிதர், டீ எல்லாம் கொடுத்தார். கேட்டு முடித்துவிட்டு, என் குரல் ரொம்பக் கிளியர் என்றார். அவளைப் பார்த்து, உங்க வாய்ஸ்ல ஃபயர் இருக்கு, ஆனா பாதி வார்த்தை புரியல என்றார். பிறகு என் கையில் ஒரு பேப்பரைக் கொடுத்தார். பாடலாசிரியர் ஏற்கெனவே எழுதி அனுப்பிய எட்டு வரி. முழுக்க முழுக்க மெட்ராஸ் பாஷை. அவள் பேச்சு, என் குரல். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. லோக்கலாகவும் இருக்க வேண்டுமாம், எல்லோருக்கும் புரியவும் வேண்டுமாம். அதற்கு லோக்கல் ஆள் தேவையில்லை போலிருக்கிறது.

முதல் வரியே இப்படி இருந்தது: 'இன்னா லுக்கு மாமே, நான் கீது பக்கா.'

ரயிலில் நல்ல கூட்டம், என் வீட்டுக்கு வந்துதான் பேப்பரை அவளிடம் காட்ட முடிந்தது. அவள் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். நான் கீது என்று உலகத்தில் எவனும் பேச மாட்டானாம். கீது என்றால் இருக்கிறது. பூனை கீது, வூடு கீது, வேலை கீது. மனுஷி என்றால் நான் கீறேன், அவள் கீறா, அவங்க கீறாங்க. எழுதியவருக்குக் காதில் விழுந்தது கீது ஒன்றுதான் போல, எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டிவிட்டார். அப்போது கதவருகில் நின்றிருந்த அம்மாவுக்குத் தமிழ் டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? கீறேன் என்றால் கீற மாட்டேன் என்று அர்த்தம், எதிர்மறை வினைமுற்று என்றார். இவள் அசரவில்லை. "ஆன்ட்டி, நான் எதையும் கீற மாட்டேன். நான் கீறேன், அவ்ளோதான்" என்றாள். அம்மா சிரித்துவிட்டு உள்ளே போய் மூன்று பேருக்கும் காபி போட்டார்.

கடுப்பில் நான் வாய்ப்பே வேண்டாம் என்றபோது அவள்தான் தடுத்தாள். யார் வாயில் வந்தால் என்ன, ஸ்பீக்கரில் வந்தால் சரி என்றாள். உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எங்கே இழுக்க வேண்டும், எங்கே விழுங்க வேண்டும், 'இன்னா'வைக் கோபமாகச் சொல்வது எப்படி, கொஞ்சலாகச் சொல்வது எப்படி. முதல் வரியை மட்டும் 'நான் கீறேன் பக்கா' என்று மாற்றிக்கொண்டோம். இதற்கு யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தோம்.

பதிவு நாளில் அவள் வெளியே சோபாவில், நான் கண்ணாடிக்கு உள்ளே. முதல் வரியைப் பாடியதுமே ஹெட்ஃபோனில் உதவியாளர் குரல் வந்தது. மேடம், கீறேன் இல்ல, கீது. நான் காரணம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றது கரெக்டா இருக்கலாம் மேடம். ஆனா கீறேன்லாம் ஜனங்களுக்குப் போய்ச் சேராது. கீதுன்னாதான் சிரிப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "யாரைப் பார்த்து சார் சிரிப்பாங்க?" என்று கேட்டேன்.

அவர் டிராக்கை முதலிலிருந்து மறுபடி ஓட விட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவர் அந்தக் கேள்வியை யோசித்தே இருக்க மாட்டார். நான் கண்ணாடி வழியாக சோபாவைப் பார்த்தேன். உள்ளே நடப்பது எதுவும் கேட்காமல் அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். சினிமாவில் பாட வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை, கையில் அந்த எட்டு வரி. ஆனால் அவள் பேச்சைத் தப்பாகப் பேசி, அவளைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்து, அதற்கு என் கிளியர் குரலை வாடகைக்கு விடுவதா? முடியாது சார் என்றேன். வேண்டுமானால் இந்த வரிகளை அவள் திருத்திப் பாடட்டும், பதிலுக்கு நாலு வரி என் பேச்சில் நான் பாடுகிறேன் என்றேன். வெளியே உட்காருங்க, சாரைக் கேட்டுச் சொல்றேன் என்றார். மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. நாங்களாகவே எழுந்து வந்துவிட்டோம்.

ரயிலில் அவள் என்னோடு சண்டை போட்டாள். உன்னை யாருக்கா எனக்காக விட்டுக்கொடுக்கச் சொன்னது, என்னை ஒரு வார்த்தை கேட்டியா என்றாள். உனக்காக இல்லைடி, எனக்காக என்றேன். அவள் நம்பவில்லை. பல்லாவரம் தாண்டும்போது அவள் கண் கலங்கியிருந்தது. தாம்பரத்தில் இறங்கி, வரேன் என்றுகூடச் சொல்லாமல் அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவளைக் கேட்டிருக்க வேண்டும் என்பதும் சரிதான்.

பாட்டு வந்தது. வேறொரு பெண் பாடியிருந்தார், 'நான் கீது' அப்படியே இருந்தது. பட்டிதொட்டியெல்லாம் பரவியது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தில் பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டு நின்றேன், முன்னாலும் பின்னாலும் எல்லா வண்டியிலும் நான் கீது, நான் கீது. எங்கள் ஸ்டாஃப் ரூமில், வகுப்பில் எவனாவது இன்னா என்று சொன்னால் வெளியே நிறுத்துகிற டீச்சர் ஒருவர் பேப்பர் திருத்திக்கொண்டே அதை முணுமுணுத்தார்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் அவள் கடைச் சீருடையோடு நேராக என் வீட்டுக்கு வந்தாள். ரயிலில் போட்ட சண்டைக்குப் பிறகு அன்றுதான் வருகிறாள். தண்ணீர் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். கடையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். அவளுடைய அம்மா போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்க, இவள் அவசரத்தில், கடைலதான் கீறேன்மா என்று சொல்லிவிட்டாள். வரிசையில் நின்ற ஒரு அம்மாள் அதுவரை பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தவர், முகத்தைச் சுளித்து மேனேஜரைக் கூப்பிட்டு, ஸ்டாஃபை இப்படியா பேச விடுவீங்க, குழந்தைங்க வர்ற இடம் என்றாராம். மேனேஜர் எல்லார் முன்னாலும் இவளைத் திட்டினார். இன்னொரு முறை அந்த மாதிரி பேசினால் கவுன்ட்டர் கிடையாது, குடோனுக்குப் போ என்றார். அவர் திட்டி முடிக்கிற வரை மேலே ஸ்பீக்கர் நான் கீது பக்கா என்று பாடிக்கொண்டே இருந்ததாம்.

செருப்பை மாட்டிக்கொண்டு மேனேஜரை ஒரு வழி பண்ணக் கிளம்பிவிட்டேன். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சண்டயெல்லாம் வாணாக்கா. நீ ஏன் அன்னிக்கு எந்திரிச்சு வந்தேன்னு இன்னிக்குதான் புரிஞ்சுது. மைக்கப் போடு."

பீரோவைத் திறந்தேன். அவள் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே, அந்த அம்மாள் பேசிய டீசன்ட் தமிழையும் மேனேஜர் தமிழையும் அவள் தமிழையும் மாற்றி மாற்றி, அடித்து நொறுக்கிக்கொண்டு போனாள். நடுவில் விமானம் ஒன்று போனது, அதையும் அப்படியே விட்டோம். முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, எனக்கு அழுகை வந்தது. நானும் என் பங்குக்கு நாலு வரி சேர்த்தேன். இணையத்தில் போட்டோம். ஏரிக்கரைப் பையன்கள் கேட்டார்கள், இன்னும் கொஞ்சம் பேர் கேட்டார்கள், அவ்வளவுதான். சினிமா கூப்பிடவில்லை, இனிமேலும் கூப்பிடாது. போகட்டும். அடுத்த ஞாயிறும் பதிவு செய்தோம், அதற்கடுத்த ஞாயிறும் செய்தோம். உண்மையான ராப் எங்கே என்று கேட்கிறவர்களை ஏரிக்கரைப் பக்கம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். கேட்கிற ஆள் குறைந்திருக்கலாம், பாடுகிறவர்கள் எங்கேயும் போகவில்லை.

போன வாரம் அரிசியும் சோப்பும் வாங்க அவள் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் வரிசை நின்றது, எனக்கு முன்னால் கையில் கூடையோடு ஒரு அம்மாள். பில் போடுகிற இடத்தில் ஆளைக் காணோம். இவள் கீழே குனிந்து பைகள் இருந்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேனேஜர் பக்கத்துக் கவுன்ட்டரில்தான் நின்றார்.

"இங்க யாருமே இல்லையா?" என்று அந்த அம்மாள் சத்தமாகக் கேட்டார்.

இவள் நிமிர்ந்தாள். மேனேஜரைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். சீருடைக் காலரைச் சரி செய்துகொண்டு, பாடும்போது வருகிற அதே குரலில், அவசரமே இல்லாமல் சொன்னாள்.

"நான் கீறேன் மேடம். குடுங்க, பில் போடுறேன்."