மடித்துக் கட்டிய கம்பி

உரும்பிராயில் எங்கள் வீட்டு வளவு நீளம் குறைவு. அமெச்சூர் வானொலிக்கு நான் கட்ட நினைத்த அன்ரெனாக் கம்பிக்கு இருபது மீற்றர் வேண்டும். எங்கள் வளவுக்குள் கிடைத்தது பதினைந்து. மறுமுனையைக் கட்டத் தோதான தென்னை வேலிக்கு அப்பால் நின்றது. அது என் கூடப்பிறந்த அண்ணையின் வளவு.

வேலி அடைத்தபோது அவர் நட்ட கதியால் தடிகள் ஒன்றரை அடி என் பக்கம் வந்துவிட்டனவென்று அவரோடு சண்டை பிடித்திருந்தேன். அன்றோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனது. செத்தாலும் போய்க் கேட்பதில்லை என்று மிச்சக் கம்பியை மடித்து என் முருங்கையிலேயே கட்டினேன்.

மடித்த கம்பி பொருந்தவில்லை. அனுப்பும் சக்தியில் ஒரு பங்கு வெளியே போகாமல் திரும்பி வந்தது. அம்பிளிபயரைத் தொட்டால் கை சுட்டது. ஒருநாள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கருகல் மணம். உள்ளே திரான்சிஸ்டர் எரிந்துபோயிருந்தது. வேறொருவன் என்றால் வேலியடிக்குப் போய் "அண்ணை" என்று கூப்பிட்டிருப்பான். நான் எரிந்ததை மாற்றிவிட்டு, பொருந்தாத கம்பியைச் சரிக்கட்டும் டியூனர் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன்.

டியூனரில் இரண்டு குமிழ்கள். திருகத் திருக, திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அம்பிளிபயர் முள் பூச்சியத்துக்கு இறங்கும். அம்பிளிபயருக்குச் சூடில்லை. ஆனால் கம்பி அதே கம்பிதான். குரலும் முன்போல மெலிந்துதான் போனது. அம்பிளிபயரைச் சமாதானப்படுத்திவிட்டு நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஐந்து வருடம் அப்படியே போயிற்று.

போன மாசியில் அண்ணை கிணற்றடியில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது. அழுகைச் சத்தம் கேட்டுத்தான் அவர் வளவு வாசல் படலையைத் திறந்தேன்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பின்னேரம் அண்ணி என்னைத் தென்னையடிக்குக் கூட்டிப்போனார். மேலே, ஓலை வட்டுக்குக் கீழே, ஒரு கப்பி. அதில் கொழுவிய நைலோன் கயிறு அடிமரத்தில் சுற்றிக் கட்டியிருந்தது.

"தேங்காய் புடுங்க வந்த ஆளைக் கொண்டு உங்கடை அண்ணைதான் பூட்டுவிச்சவர், தம்பி. கம்பியை மடிச்சுக் கட்டி வைச்சிருக்கிறான், வந்து கேட்டால் உடனை குடுக்கலாம் எண்டு சொன்னவர்."

"எப்ப?"

"நீங்கள் கம்பி கட்டின கிழமையே."

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்றரை அடி மண்ணை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் முறுகித் திரிந்திருக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு அண்ணி கயிற்றை இழுக்க, கம்பி வேலிக்கு மேலால் நேராகப் போனது. டியூனரைக் கழற்றி வைத்துவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். முள் எழும்பவேயில்லை.

திருகோணமலையில் ஒரு நண்பர், வானொலியில் மட்டும் பழக்கம். "இண்டைக்குப் பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு. என்ன செய்தனீங்கள்?" என்றார்.

"அண்ணை மரம் தந்தவர்."

"அப்ப அவரிட்டைச் சொல்லுங்கோ, நல்லாய்க் கேக்குது எண்டு."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.