டிரஸ்ஸர் ஐயாவின் பச்சைக் கார்

உங்களில் யாராவது ஸ்பேனர் பிடித்துப் பிழைத்தவராக இருந்தால் சொல்லாமலே புரியும்: வண்டி பிரிந்து கிடக்கும்வரை நமக்கு வேலை, ரோட்டில் ஏறியதும் பயம். எழுபதுகளில் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றின் ஃபேக்டரியில் நான் ஃபிட்டர். மெஷின், லோரி, தண்ணீர் பம்பு எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. கெடுத்தது ஒரு கார்.

சீட்டில் இருந்தவள்

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார துரை, இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொழுந்துக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதை எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் குமாரசாமி ஐயா வாங்கினார். ஆசைக்காக இல்லை. தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் அவர்தான் மருந்து கொண்டுபோக வேண்டும். மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி ஓட்டி முட்டி போய்விட்டது. அவர் சம்பளத்துக்கு அகப்பட்ட ஒரே கார் அதுதான். "ஓடுமா மணியம்?" என்றார். ஓடும் என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் ஏன் சொன்னோம் என்றிருந்தது.

தார்ப்பாயை விலக்கினால் தரைப் பலகை முழுக்க இற்றுப்போயிருந்தது. சீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. தொழிலாளர் லயத்திலிருந்து கோழிக்காரி அஞ்சலை ஓடிவந்து குறுக்கே நின்றாள். "இன்னும் ஒரு வாரத்துல பொரிச்சிடும்ணே, அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க லா!"

ரப்பர்

தரைக்கு உடைந்த டீப் பெட்டிப் பலகை கிடைத்தது. மழை பெய்தால் காருக்குள் டீ வாசம் வரும், அவ்வளவுதான். பிரேக் சிலிண்டர் ரப்பருக்கு என்ன செய்வது? ஈப்போ கடையில் கேட்டால், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும் என்றார்கள். அந்த விலைக்கு டிரஸ்ஸர் ஐயா இன்னொரு மோட்டார் சைக்கிளே வாங்கலாம்.

கடைசியில் பிரிஞ்சாங்கில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே, ஒரு சின்ன வேனுக்கான ரப்பரைத் தேடி எடுத்தார். அளந்தேன். சரியாக இருந்தது. மறுபடி அளந்தேன். நாலாவது தடவை அளந்தபோது தவுக்கே என் கையிலிருந்து அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டு, தோட்டத்து ஆட்களிடம் கற்ற தமிழில் சொன்னார்: "சைஸ் சாமா லா, ஒண்ணுதான். டிரஸ்ஸர்தானே ஓட்டுறது? அடிபட்டா மருந்து அவர்கிட்டயே இருக்கு!"

பெயிண்ட்

ஃபேக்டரிக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்டைக் காருக்கு அடித்தேன். கேட்டு எடுக்கவில்லை. மேனேஜர் ஒருநாள் வந்து காரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் பிரஷ்ஷைக் காட்டி, "மிச்சம் இருந்தா என் ஆபீஸ் ஜன்னலுக்கும் அடிச்சிரு மணியம்" என்றார்.

மண்ணெண்ணெய் டின்

டிரஸ்ஸர் ஐயா தம் மனைவியை ஏற்றிக்கொண்டு முதல்முறையாக மலையடியிலிருக்கும் தாப்பாவுக்கு இறங்கினார். கையசைத்து அனுப்பிவிட்டு, சாமான்கள் கழுவிய மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு ஸ்ப்ளிட் பின் கிடந்தது. முன்சக்கரத்து நட்டு கழன்று வராமல் குறுக்கே செருகுவது. எடுத்துவைத்து, டின்னுக்குள் நழுவிவிட்ட புதுப் பின்தான் அது. செருகியதாக நினைத்துக்கொண்டு சக்கரத்து மூடியை அடித்துவிட்டிருக்கிறேன்.

தாப்பா ரோட்டின் வளைவுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி, கீழே போன காய்கறி லோரியில் தொற்றினேன். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தில் எட்டிப் பார்த்தேன். காருக்கு அந்தப் பச்சையை அடித்த கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. பள்ளம் முழுக்கப் பச்சை. டிரைவர் என்னென்னவோ கேட்டார். ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்த அம்மா புறப்படும்போது தலையில் கட்டிய சிவப்புத் துணிதான் கண்ணுக்குள் நின்றது.

வழியில் ரிங்லெட்டில் ஒரு பாய் கடை முன்னால் கார் நின்றது. உள்ளே இருவரும் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நேரே போய்ச் சக்கரத்தருகே படுத்து மூடியை நெம்பினேன். நட்டு விரலாலேயே சுற்றியது. இன்னும் எத்தனை வளைவு தாங்கியிருக்குமோ. இறுக்கிப் பின்னைச் செருகி எழுந்தால் ஐயா டீக் கோப்பையோடு நிற்கிறார். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சக்கரத்தைப் பார்த்தார், உள்ளே இருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "மருந்து மாத்திக் குடுத்துட்டேனோன்னு நான் எத்தனை தடவை லயத்துக்குத் திரும்பி ஓடியிருக்கேன் தெரியுமா? வா, டீ குடி. அவகிட்ட மட்டும் சொல்லாத."

கடுதாசி

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு மலைக்குக் கீழே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மாற்றலானது. காரிலேயே போனார். அடுத்த பத்து நாள் யார் வீட்டில் போன் மணி அடித்தாலும் என் நெஞ்சு அடித்தது. பதினோராம் நாள் ஒரு கார்டு வந்தது. மருந்துச் சீட்டு எழுதும் அதே கையெழுத்தில் மூன்றே வரி: "வண்டி சுகம். என் முதுகு சுகமில்லை. நீ இனிமேல் தூங்கவும்."

ஒரு செத்த வண்டியை எழுப்பி ஓடவிட்டதில் எனக்கு மிஞ்சியவை, கொஞ்சம் நல்ல பெயரும் இன்றுவரை ஆறாத ஒரு வயிற்றுப் புண்ணும்தான்.