கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய வரி

1988இல் தருமபுரியில் ராஜமேரியும் நானும் ஒரே கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் வேலை பார்த்தோம். ஒரு கம்பெனி மெசினில் எழுதிய ஃபிளாப்பியை இன்னொரு கம்பெனி மெசின் ஏறெடுத்தும் பார்க்காத காலம் அது. கம்பைநல்லூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்ணான ராஜமேரி, அந்த ஃபிளாப்பிகளை மற்ற மெசின்களிலும் படிக்க ஒரு புரோகிராம் எழுதினாள். கேட்டவர்களுக்கெல்லாம் அதன் வரிகளை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். அவரவர் மெசினுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். யாராவது பிழை கண்டு திருத்தினால், திருத்தத்தை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்; அதை அவள் எல்லோருக்கும் அனுப்புவாள். அவ்வளவுதான் நிபந்தனை.

வாங்கிக்கொள்ள எல்லோரும் வந்தார்கள். திரும்பி ஒரு துரும்புகூட வரவில்லை. கண்டக்டரைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மாம்பழ சீசனில் காரிமங்கலம் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்று புது மெசின் வாங்கியது. எந்த விவசாயி எந்த நாளில் பழம் கொண்டுவர வேண்டும் என்ற விவரத்தை, அவள் புரோகிராமை வைத்துத்தான் பழைய மெசினிலிருந்து மாற்றினார்கள். ஃபைல் பெரியது; கடைசிப் பகுதி வந்து சேரவில்லை. அதில் இருந்தவர்களைப் பெயர் இல்லையென்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பழம் வண்டியிலேயே அழுகியது.

"உன் புரோகிராமு இனிமே இந்த ஆலைக்குள்ள வரக்கூடாது" என்றார் மேனேஜர். ராஜமேரிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் புரோகிராமை யாரும் நம்பாவிட்டால் அவள் பட்ட பாடெல்லாம் வீண்.

கிருஷ்ணகிரி கிரானைட் கம்பெனி ஒன்றில் மட்டும் அதே புரோகிராம் பெரிய ஃபைலையும் முழுசாகப் படிக்கிறது என்று கேள்விப்பட்டு இருவரும் பஸ் ஏறினோம். ஆபரேட்டர் மாயவன் திரையில் காட்டினார். ஒரே ஒரு வரி மாறியிருந்தது.

"இத எப்பங்க திருத்துனீங்க?" என்றாள் ராஜமேரி.

"பொங்கலப்பவேங்க."

"ஒரு வார்த்த சொல்லி வுட்டிருக்கலாமில்லைங்க."

"எங்க மெசின்ல மட்டுந்தான் கோளாறுன்னு நெனச்சங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளிய குடுத்துராதீங்க. அது கம்பெனியோட வரின்னு மொதலாளி சொல்லியிருக்காரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜமேரி எழுந்துவிட்டாள்.

"அப்ப மத்த வரியெல்லாம் யாரோடதுன்னு அவரயே கேட்டுச் சொல்லுங்க."

ஊர் திரும்பியதும் தன் புரோகிராமிலும் அந்த வரியைத் திருத்தி எல்லோருக்கும் கண்டக்டரிடம் ஃபிளாப்பி கொடுத்தனுப்பினாள், ஆலைக்கும் சேர்த்து.

மறுநாள் கண்டக்டர் முதன்முறையாக எங்கள் வாசலில் வந்து நின்றார். அவள் ஓடிப்போய் வாங்கினாள். ஆலைக்கு அனுப்பிய உறை, பிரிக்காமலே திரும்பி வந்திருந்தது.