நாகமுத்து அண்ணனின் அரம்

புலாவ் செபாங்கிலிருந்து செங் தொழிற்பேட்டைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டுபவர் நாகமுத்து. பஸ்ஸில் வரும் எல்லாருக்கும் அவர் ‘பஸ் அண்ணே’. இருக்கைக்கு அடியில் எப்போதும் ஓர் அரம் வைத்திருப்பார். முன்பு வேலை பார்த்த தோட்டத்து லாரிக் கொட்டகையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அங்கே சரியான உதிரிப்பாகம் கேட்டால் நிர்வாகம் வாங்கித் தந்ததே இல்லை. வேறெதற்கோ செய்த பாகத்தைத் தூக்கிப் போட்டுப் பொருத்தச் சொல்வார்கள். பொருந்தாவிட்டால் தொழிலாளிக்குத் திட்டு. ஆகவே எதையும் அராவிப் பொருத்தக் கற்றுக்கொண்டார். லாபம் தோட்டத்துக்கு, விரல் காயம் இவருக்கு.

1998இல் அவர் மகள் கலைமகள் பெங்களூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல தேர்ச்சி பெற்றிருந்தும் சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஏன் என்று ஒருவரும் காரணம் சொல்லவும் இல்லை. ரிங்கிட்டின் மதிப்பு சரிந்து படிப்புச் செலவு ஏறியதும் அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, உங்களால இனி தாங்க முடியாது. வர்ற வெள்ளிக்கிழம காலேஜ்ல பேர வெட்டிட்டு வந்துடறேன்.”

அவர் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு விடுதித் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. கடிதம் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் சேராது. ஆனால் கலைமகள் தினமும் மாலையில் ஓர் இணையக் கடைக்குப் போய் மின்னஞ்சல் பார்ப்பாள். முகவரியை முன்பே தந்திருந்தாள்.

தொழிற்சாலை கழித்துவிட்ட பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. அதைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்க ஒரு மோடம் கார்டு வேண்டும். செங் கடைவரிசையில் கணினிக் கடை வைத்திருந்த சாமிநாதன், பளபளவென்று ஒரு புது கார்டை விற்று, இணையக் கணக்கும் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொருகினால், கார்டு பக்கவாட்டுத் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போய், விரல் நுனி அளவு வெளியே நின்றுவிட்டது.

மறுநாள் லேப்டாப்போடு மறுபடியும் கடைக்குப் போனார். துளையின் விளிம்பில் காய்ந்த சந்தனத்தைச் சாமிநாதன் பார்த்துவிட்டார். ஆயுத பூஜைக்கு அண்ணனின் மனைவி ராஜம்மா பூசியது.

“சந்தனத்த ஓட்டையில அப்பிட்டு வந்தா கார்டு எப்படிண்ணே போவும்? மெஷினும் பழசு. வித்த சாமான திருப்பி எடுக்க மாட்டோம்லா.”

இந்தக் கதையைச் சொல்லும் நான், இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பதை ஒப்புக்கொள்கிற ஆளில்லை. அதற்காகச் செய்யாத குற்றத்தைச் சந்தனத்தின் மேல் சுமத்த முடியுமா? ராஜம்மா பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தார். கார்டு அதே இடத்தில்தான் நின்றது.

வியாழக்கிழமை மாலை ஷிப்ட் முடிந்து பெண்கள் ஏறியபோது, பஸ் அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் குனிந்திருந்தார். பக்கத்தில் லேப்டாப், மடியில் கார்டு, கையில் அரம். கார்டின் ஓரத்தில் ஒரு சிறு புடைப்பு; அதுதான் இடிக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்.

“ஐயோ, என்னாண்ணே செய்றீங்க?” முன்னிருக்கைப் பவானேஸ்வரி அவர் கையைப் பிடித்தாள்.

“ரெண்டு இழுப்பு இழுத்தா உள்ள போயிடும்மா.”

“போயி பொகைஞ்சிச்சின்னா? பொட்டிய குடுங்க.” பெட்டியின் அடியிலிருந்த பொடி ஆங்கில எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். “இது புது ரகம்ண்ணே. பழைய லேப்டாப்புல வேல செய்யாதுன்னு இங்கியே போட்டிருக்கான். கரண்டே வேறயாம். தப்பா நொழைஞ்சிடக் கூடாதுன்னுதான் அந்தப் பொடைப்பு போல.”

“அந்த ரகத்துக்குப் பேரு என்னாடி?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“கார்ட்பஸ்.”

“ஆலாமா! பஸ்காரருக்கே பஸ்ஸு வம்பு பண்ணுதா!”

பஸ்ஸே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “நம்ம மெஷின் பழசுதானம்மா. தப்பு நம்மளுதுதான்.”

“பழசுன்னு சொல்லித்தானே வாங்கினீங்க?” என்றாள் பவானேஸ்வரி.

“மெஷின கையோட எடுத்துட்டுப் போயி காட்டித்தான் வாங்கினேன்.”

“அப்ப தப்பு எங்க இருக்கு? வண்டிய கடைக்கு விடுங்க.”

அரம் இருக்கைக்கு அடியில் போனது. கடை வாசலில் பஸ் நின்றது. பெண்கள் இறங்கி உள்ளே நிறைந்தார்கள்.

“எல்லாரும் சேர்ந்து என்னா வாங்க வந்தீங்க?” என்றார் சாமிநாதன்.

“வாங்கல தம்பி, மாத்த வந்தோம்.”

“ஒரு கார்டுக்கு இத்தன பேரா?”

“எங்கள வீட்டுல எறக்கி விடறவரு இவரு. இவரு வேல முடியாம நாங்க எங்க போவ?”

பவானேஸ்வரி பெட்டியைக் கவிழ்த்து அந்த வரியில் விரலை வைத்தாள். சாமிநாதன் படித்தார். இன்னொரு முறை படித்தார். “நான் இதப் பாக்கலண்ணே,” என்று சொல்லி, முக்காலி மேல் ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி படிந்த பழைய ரகக் கார்டு ஒன்றை எடுத்தார். அது லேப்டாப்பின் துளைக்குள் டக்கென்று உட்கார்ந்தது. கடைத் தொலைபேசியின் கம்பியை அவரே பிடுங்கி அதில் மாட்டினார்.

பவானேஸ்வரி தட்டெழுத, அண்ணன் சொன்னார்: “பேர வெட்டாதம்மா. அப்பா இன்னும் பஸ் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ படி.”

“சாப்பிட்டியான்னு கேளுங்கண்ணே.”

“எங்க பேரையும் போடு பவானி. பஸ்ஸே சொல்லுதுன்னு தெரியட்டும்.”

திங்கட்கிழமை காலை, சாமிநாதன் அச்செடுத்து வைத்திருந்த பதிலைப் பவானேஸ்வரி பஸ்ஸில் உரக்கப் படித்தாள்.

“அப்பா, பேர வெட்டல. ஆனா நீங்க எழுதினது மூணு வரி, கீழ இத்தன அக்காங்க பேரு! இவங்கள்ளாம் யாருப்பா?”

“மறுபடி படிம்மா,” என்றார் அண்ணன், வண்டியைக் கிளப்பாமலே.