ஒட்டுப் போட்ட கல்யாணி

என் முதல் இசைப்பதிவுக்கு அந்தக் கல்யாணிக் கீர்த்தனையைத்தான் வாசிக்கப்போகிறேன் என்றதும், என்னோடு வயலின் படித்த தோழி சிரித்தாள்.

"அரைச்ச மாவை ஏன் திரும்ப அரைக்கிறாய்? வயலின் பிடிச்ச எல்லாரும் அதைப் பதிஞ்சு வைச்சிருக்கினம். இந்த வயசிலை நீ புதுசா என்ன சொல்லப்போறாய்?"

எனக்குச் சுருக்கென்றது. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் கடைக்குக் கடை கொத்துரொட்டி போடுகிறார்கள், அதற்காகப் புதுக்கடை திறப்பவன் கொத்து போடாமலா இருக்கிறான் என்று கேட்டேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவள் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

உண்மையில் அந்தக் கீர்த்தனை எங்கள் வீட்டில் வேறு விதமாக இருந்தது. நான் பிறந்த வருடம் அம்மா லா ஷப்பலில் வாங்கிய கசெட் அது. மூத்த வித்துவான் ஒருவர் வாசித்தது. ஒருநாள் பாட்டுப்பெட்டி நாடாவை மென்றுவிட, அப்பா கசங்கிய துண்டை வெட்டியெறிந்து மிச்சத்தை ஒட்டினார். அன்றிலிருந்து சரணத்தின் நடுவில் ஒரு வரி கிடையாது. பாட்டு அந்த இடத்தில் கால் தடுக்கி, அடுத்த வரியில் போய் நிற்கும். அம்மா அந்தத் தடுக்கலோடுதான் முணுமுணுப்பாள். வகுப்பில் முழுதாகப் படித்துவிட்டு வந்து, வீட்டில் நானும் அந்த வரியைத் தாண்டியே வாசிப்பேன். பிறகு கசெட் கைப்பேசிக்குள் போனது, ஒட்டும் கூடவே போனது. விடிகாலை ரயிலில் விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகும் அம்மாவின் காதில் இன்றும் அதுதான்.

அந்தக் காதில் என் வயலின் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். வேறு யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

லா ஷப்பலுக்கு அடுத்த ஸ்டாலின்கிராட் பகுதியில், மேம்பாலத்து மெத்ரோவுக்குப் பக்கத்தில், ஒரு நிலவறைதான் பதிவுக்கூடம். மேலே ரயில் போனால் நிறுத்தி, சத்தம் ஓயும்வரை வில்லைத் தூக்கியபடி காத்திருக்க வேண்டும். கண்ணை மூடி அப்படி நின்ற நேரங்களில் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. எனக்கு முன் இதை வாசித்தவர்கள் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பயமாக இல்லை. சிறுவயதில் தூக்கம் வரும்போது பக்கத்து அறையில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பது கேட்குமே, அப்படி ஓர் ஆறுதல். சரணம் வந்தது. விரல் வழக்கம்போல் தாண்டப் பார்த்தது. விடாமல் அந்த வரியை மெதுவாக, முழுதாக வாசித்தேன்.

பதிவை அம்மாவின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். அவள் சமையலறையில் நின்றபடி அதைக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா நடுவிலை என்னவோ கூடிப்போச்சு."

"கூடேல்லை அம்மா. அப்பா வெட்டி எறிஞ்ச வரி அதுதான்."

"ஓம், ஓம்," என்றாள், நம்பாதவள்போல். மறுநாள் விடியற்காலையில் வாசலில் சப்பாத்து மாட்டும்போது பழையதையே முணுமுணுத்தாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. தோழி சொன்னதுதான் சரி, இன்னொன்று யாருக்கு வேண்டும் என்று வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். சரணம் வந்தது. தடுக்கப்போகிறது என்று காத்திருந்தேன். தடுக்கவில்லை. அம்மா நிறுத்தினாள். கத்தியும் நின்றது. என் வரி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் தலையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த வரியைப் பிடித்தாள்.

அந்த வரி அவளுக்கு இன்னும் பாடமாகவில்லை. ஆனாலும் அதற்கு இடம் விட்டிருந்தாள்.

நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். அவள் மறுபடி அந்த இடத்துக்கு வந்து நின்றபோது, அந்த ஒரு வரியை மட்டும் வாசித்தேன்.