மக்கு குப்பை

படிக்கிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து பஞ்சர் ஒட்டின டியூப் மாதிரி மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். எந்த இடத்தில் புள்ளி வைத்த எழுத்து வரும், எங்கே வராது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் நான் எழுத வந்ததே ஓர் எழுத்து விட்டுப்போன கதையை. வேறு தப்புகள் இருந்தால் அவற்றையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் எனக்குப் பஞ்சர் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. வண்டி கொண்டு வருகிறவர்கள் பேசுவார்கள். நான் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். போன புரட்டாசியில் அவளுக்கு ஐந்தாம் மாதம். வளைகாப்புக்கு நாள் பேச அவளுடைய மாமியார் வந்தார். தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அங்கே ஒரு காலி மனை உண்டு. தெருவே குப்பையைக் கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு அதில்தான் வீசும். நாய்கள் முடிச்சை அவிழ்க்காமல் கிழிக்கும். மழை பெய்தால் பைகள் வாய்க்காலை அடைத்துக்கொண்டு, மனை முழுக்கக் கறுப்புத் தண்ணீர் நிற்கும்.

கடையில் நாற்காலி போட்டேன். உட்கார்ந்தவர் காலில் இரண்டு தட்டு தட்டினார், கையில் ஒரு தட்டு தட்டினார், எழுந்துவிட்டார். சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த என் பழைய டயர்களிடம் போனார். ஒன்றைச் சாய்த்துப் பார்த்தார். முந்தின வாரத்து மழைத்தண்ணீரில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"இன்னா அண்ணே, டயர்ல கொசு வளக்கிறீங்களா?"

நான் அந்த டயரை நேராக நிமிர்த்தி வைத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதற்கு முந்தின வருஷம் அவருடைய சின்ன மகன் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவன். அந்த பயம் அவருக்குப் போகவில்லை. கிளம்பும்போது என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கார்த்திகைல வளையல் போடுங்க, நல்லா செய்யுங்க. ஆனா புள்ளத்தாச்சிய இந்த இடத்துக்கு அனுப்ப என் மனசு கேக்கல. தலைப்பிரசவம் எங்க ஊட்லயே நடக்கட்டும்."

அவர் போன பிறகு என் மனைவி அழுதாள். தொட்டிலுக்கென்று மெத்தென்ற பழைய நூல் புடவை ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். "என் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு நான் பக்கத்துல இல்லன்னா எப்பிடிங்க?" என்றாள்.

நான் டயர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழைக்காலம் வந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுப்பார்கள். எல்லோரும் தெருமுனையைத் திட்டுவார்கள். நானும் மனசுக்குள் திட்டுவேன். என் டயர்களை நினைத்ததே இல்லை. போகி வந்தால் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு டயர் எடுத்துக் கொடுப்பேன். தெரு கறுப்புப் புகையில் இருமும். நானும் சேர்ந்து இருமுவேன்.

மறுநாளே எல்லா டயரையும் கவிழ்த்தேன். தண்ணீர் தங்காதபடி ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை போட்டேன். பாதிக்கு மேல் துறைமுகத்துப் படகுக்காரர்கள் கொண்டு போனார்கள். படகு கரையில் இடிக்காமல் இருக்க விலாவில் கட்டித் தொங்கவிடுவார்களாம். மீதியைத் தார்ப்பாய்க்குள் வைத்தேன்.

அடுத்தது காலி மனை. காலையில் குப்பை வண்டியோடு வரும் அக்காவிடம், இதற்கு என்ன வழி என்று, அடுப்புப் பக்கம் இருந்த என் மனைவியை விட்டுத்தான் கேட்டேன். அந்த அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே ஒரு தழும்பு. "கலந்து போட்டா இப்பிடித்தான், உள்ள இருக்கிற கண்ணாடி கிழிக்குது. பிரிச்சு வெக்கச் சொல்லு, டெய்லி எடுத்துக்கிறேன்."

பிரித்து வையுங்கள் என்று தெருவுக்கு யார் சொல்வது? என்னால் சொல்ல முடியாது. எழுதலாம் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், இரண்டு ஆயில் டிரம்மைக் கழுவிக் கடை ஓரம் வைத்து வெள்ளை பெயிண்டால் எழுதினேன். வேர்வை கொட்டியது. ஒன்றில் ‘மக்காத குப்பை’. இன்னொன்றில் ‘மக்கு குப்பை’.

சாயந்தரம் எதிர்க்கடை பாய்தான் முதலில் பார்த்தார். டீக்கடை வைத்திருப்பவர், என் வயசுக்காரர். கிளாஸைக் கழுவாமல் அப்படியே பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மச்சான், இதுல குப்பைய போடணுமா, மக்குங்கள போடணுமா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். மக்கும் குப்பையில் ‘ம்’ இல்லை. அதற்குள் பக்கத்து வீட்டம்மா வந்துவிட்டார்.

"அண்ணே, எங்க ஊட்டுக்காரரத் தூக்கி இதுல போட்டா காலைல வண்டில எடுத்துக்குவாங்களா?"

"மூடி போடணும்மா, ஏறி வந்துடுவாரு" என்றார் பாய்.

தெரு கூடிச் சிரித்தது. எனக்குக் காது எரிந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அழிக்கப் போனேன். பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தொடாத மச்சான். அந்த மூலைல ‘குப்பை கொட்டாதீர்’னு எத்தினி வருசமா போர்டு நிக்குது. எவன் படிச்சான்? உன்னுத தெருவே படிக்குது பாரு."

அப்படியே விட்டேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு வாரத்தில் தெருவுக்குப் புதுப் பேச்சே வந்துவிட்டது. வாழைப்பழத் தோல், சோறு, கீரைத்தண்டு எல்லாம் மக்கு. பால் கவர், ஷாம்பு பாக்கெட் எல்லாம் புத்திசாலி. அது பக்கத்து வீட்டம்மா வைத்த பெயர். "ஏய், புத்திசாலில மக்கக் கலக்காத!" என்று மாடியிலிருந்து கத்துவார். வண்டி அக்காவும் பழகிக்கொண்டார். "இன்னிக்கு உங்க தெருவுல புத்திசாலி ஜாஸ்தி" என்று சொல்லித்தான் டிரம்மைத் தூக்குவார்.

மனையில் கிடந்ததையெல்லாம் பாயும் நானும் இன்னும் சிலரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாரினோம். ஐப்பசி மழை வந்தபோது தண்ணீர் நிற்காமல் வாய்க்காலில் ஓடியது. அதைப் பார்க்கக் குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். சினிமா பார்ப்பது போல நானும் நின்றேன். யாரோ வீசிய விதையிலிருந்து ஒரு பறங்கிக் கொடி முளைத்து மனை முழுக்க ஓடியது.

கார்த்திகையில் சிதம்பரத்தில் வளைகாப்பு. மகளின் கை நிறைய வளையல். இந்த இரண்டு மாதத்தில் செய்ததையெல்லாம் சம்பந்தியம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் எதிரில் நின்றதும் எல்லாம் போய்விட்டது. "வந்து பாருங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மறுநாள் காரில் வந்தார். மகளும் கூட வந்தாள், பையோடு. "பாத்துட்டு சொல்றேன்" என்று மகளைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு இறங்கினார். தெருமுனையில் மூக்குக்குப் போன முந்தானை பாதியிலேயே நின்றது. தார்ப்பாயைத் தூக்கி, குனிந்து, டயருக்குள் கையை விட்டுத் துழாவினார். விரலில் தூசிதான் ஒட்டியது. திரும்பியவர் டிரம்மைப் பார்த்தார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"யாரு எழுதுனது இது?"

பாய் இருந்தார், பக்கத்து வீட்டம்மா இருந்தார், காரிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். நான் சொன்னேன்: "நான்தாங்க. பள்ளிக்கூடத்துல வாத்தியார் என்ன அப்பிடித்தான் கூப்புடுவாரு. கை அதுக்கே பழகிப்போச்சு."

நாலு பேர் முன்னால் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பந்தியம்மா எழுந்து போய்க் கார் கதவைத் திறந்து, மகளின் பையைத் தானே எடுத்து வந்து என் மனைவியின் கையில் கொடுத்தார்.

மார்கழி முழுக்க அந்தப் பறங்கிக் கொடியின் பூக்களை யார் கோலத்தில் வைப்பது என்று பெண்களுக்குள் போட்டி. போகிக்கு டயர் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்றேன். எனக்கு இல்லை என்று சொல்லவும் வருகிறது.

மாசிக் கடைசியில் பேத்தி பிறந்தாள். இப்போது உள்ளே அந்த நூல் புடவைத் தொட்டிலில் தூங்குகிறாள். டிரம்மில் ‘ம்’ இன்னும் இல்லை. இந்தக் கதையை எழுதி முடித்ததும் தப்புகளைத் திருத்தித் தருகிறேன் என்கிறாள் மகள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பங்குனி மூன்றாம் தேதி, ஞாயிறு மத்தியானம், தெருவே சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம்.